92 மியாட்டாவை ஆபீசுக்கும் டிராக்குக்கும் தயார் செய்ய எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால்: 1992 மாஸ்டா மியாட்டா (கூரை மடங்கும் இரண்டு சீட் கார்), 1.6 லிட்டர் இன்ஜின், 1,30,000 மைல் ஓடியது, கையில் ஐயாயிரம் டாலர், வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், வருஷத்தில் ஐந்தாறு நாள் லகுனா செகா அல்லது தண்டர்ஹில் என்ற கலிஃபோர்னியா ரேஸ் டிராக். முதலில் காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) போடுவதா, டர்போ (இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டுவது) போடுவதா? கேள்வி இதுதான் என்றாலும் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், 'திங்கட்கிழமை காலை இதே காரில்தான் வேலைக்குப் போகணும்' என்று. என் கண் நின்றது அந்த வரியில்தான். வீட்டில் இன்னொரு கார் இல்லை, ஏற்றிக்கொண்டு போக டிரெய்லரும் இல்லை. ஆக, நாள் முழுக்க டிராக்கில் அடி வாங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் தண்டர்ஹில் இருக்கும் வில்லோஸ் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வீடு வந்து சேர வேண்டிய முப்பது வயசுக் காரில் எதை மாற்றினால் அது தாங்கும், எதை மாற்றினால் படுத்துக்கொள்ளும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. அப்படிக் கேட்டால் என் பதில், காயிலோவர் நாலாவதோ ஐந்தாவதோ வரும், டர்போ இந்தப் பணத்தில் வரவே வராது.

சொல்வது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். கோவையில் மெக்கானிக்கல் படித்தவன், பிழைப்பு வேறு துறையில். பதினான்கு வருஷமாக ஒரு 93 மியாட்டா வைத்திருக்கிறேன், அதில் கழற்றி மாட்டிய வேலை பெரும்பாலும் என் கேரேஜில் நானே செய்தது. ஆறேழு வருஷமாக, டிராக்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். ரேஸ் ஓட்டியதில்லை. டர்போ கட்டியதில்லை, கட்டியவர்களின் கார்களில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கார்களைத் தள்ளியும் இருக்கிறேன். அதனால் பிரேக், குளிர்விப்பு, சஸ்பென்ஷன் இவற்றில் நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், டர்போ பற்றிச் சொல்வதைக் கேள்வி ஞானமாக. உங்கள் காரை நான் பார்த்ததும் இல்லை. 1,30,000 மைல் என்பது ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட காருக்கு ஒன்றுமே இல்லை, கவனிக்காமல் விட்ட காருக்கு அது முடிவின் ஆரம்பம். இதில் உங்களுடையது எது என்று பானெட்டைத் திறந்தால்தான் தெரியும்.

காரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் ஷோவில் மாஸ்டா இதைக் காட்டியபோது இதன் சக்தி 116 குதிரைத்திறன்தான். எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், இன்ஜின் முன்னால், உந்துவது பின் சக்கரம். இந்த எடைதான் உங்கள் மூலதனம். கனமான கார் வைத்திருக்கிறவர் ஒரு சீசனில் தின்னும் பிரேக் பேடும் டயரும் உங்களுக்கு இரண்டு மூன்று சீசன் வரும். குறைந்த சக்தி என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் எங்கள் ஊர்க் கரிவரதனைச் சொல்வேன். மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ஃபார்முலா கார் கட்டியவர், அந்த ஃபார்முலா மாருதியில்தான் இந்தியாவில் ஒரு தலைமுறையே ரேஸ் ஓட்டக் கற்றது. 796 சிசி. உங்களிடம் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் ஆயிரத்தைந்நூறு டாலர், ஏன் இரண்டாயிரமே ஆனாலும், வெளியே காட்டிக்கொள்ள முடியாத விஷயங்களுக்குத்தான் போகும், போகட்டும். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் கணக்குப்படி இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டும், ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, அது ஒரு ஆறுதல், ஆனால் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வாட்டர் பம்பைக் கழற்றவும் இதே பெல்ட்டைப் பிரித்தாக வேண்டும், பிரிக்கும்போதே பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலி இரண்டு தடவை. 1990, 91 தொடக்கத்தில் வந்த கார்களில் கிராங்க் முனை குட்டையாக இருந்து, கப்பியின் சாவிக்காடி தேய்ந்து இன்ஜினையே காவு வாங்கிய கதைகள் உண்டு. உங்களுடையது 92, அந்தக் கவலை விட்டது. ஹெட்டின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் காய்ந்து ஆயில் கசியும். கசிகிற ஆயில் சொட்டுவது ஹீட்டர் ஹோஸ் மேலே, ரப்பர் ஊறி உப்பி ஒருநாள் வெடிக்கும். ஓ-ரிங் விலை ஒரு காப்பிக் காசு, கையை உள்ளே விடத்தான் இடம் கிடையாது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரில் சொல்லாமல் போகும், அதையும் புதிதாகப் போடுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க் என்ன நிறம் என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் நாள் இருக்கிறது, பழுப்பாக மாறியிருந்தால் அது டிராக்குக்குப் போகக் கூடாது, ஆபீசுக்கே போகக் கூடாது.

இதெல்லாம் செய்வதற்கு முன் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது) எடுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாகச் செலவு செய்யலாம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் நான் கீழே எழுதப்போகும் எதையும் செய்யாதீர்கள், பணம் முழுக்க இன்ஜினுக்குத்தான். அப்புறம் காரைத் தூக்கி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் கைவிரலால் அழுத்திப் பாருங்கள். சாஃப்ட் டாப்பின் மழைநீர் வடிகால் இலை அடைத்தால் தண்ணீர் தேங்குவது அங்கேதான். கலிஃபோர்னியா கார் என்றால் துரு அநேகமாக இருக்காது. வேறு மாநிலத்திலிருந்து வந்த கார் என்றால் இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் துருப்பிடித்த பாடியில் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) பூட்டுவது செல்லரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல.

அடுத்தது பிரேக். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது இங்கேதான், நானும் பட்டேன். என்னுடைய மூன்றாவது டிராக் நாள், தண்டர்ஹில், ஜூலை, வெளியே நாற்பது டிகிரிக்கு மேல். காரில் நல்ல பேடு இருந்தது. பிரேக் ஆயிலை மட்டும் 'போன வருஷம்தானே மாற்றினோம்' என்று விட்டிருந்தேன். இரண்டாவது செஷனில் எட்டாவது லேப் என்று நினைக்கிறேன், நீளமான நேர்ப்பாதையின் கடைசியில் மிதித்தால் பெடல் பாதி தூரம் காற்றில் போகிற மாதிரி போய், அப்புறம் தரையைத் தொட்டது. இரண்டு மூன்று தடவை படபடவென்று மிதித்து, கியரைக் குறைத்து, புல்லில் இறங்கி நின்றேன். தடுப்புச் சுவருக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது, அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பது எளிய கணக்கு. ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையை மணிக்கு 100 மைலிலிருந்து 50-க்குக் கொண்டுவந்தால் வெளியாகும் சூடு சுமார் 8 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது, மூன்று நொடியில், 235 மி.மீ முன் டிஸ்க்கும் அதைவிடச் சின்னதான பின் டிஸ்க்கும் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரு லேப்பில் பல தடவை. அந்தச் சூடு காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வழியாக ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 என்ற தரப் பிரிவு ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே டாட் 4-க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பெடல் ஆறியதும் பழையபடி கெட்டியாகிவிடும், அதை நம்பித் திரும்ப வேகமாக ஓட்டுகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். ஆகவே ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முந்தின வாரம் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் நல்ல ஆயிலை முழுசாக மாற்றி, நாலு காலிப்பரிலும் காற்றெடுங்கள். ரேஸுக்கென்று விற்கும் ஆயில் சாதாரண ஆயிலைவிட அடிக்கடி மாற்ற வேண்டும், ஆபீஸ் காருக்கு அது மட்டுமே குறை. டாட் 5 என்று ஒன்று விற்கும், சிலிகான், எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், அது வேறு ஜாதி. டாட் 5.1 என்றால் பரவாயில்லை. முப்பது வருஷ ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், ஸ்டீல் வலை போட்டதுதான் வேண்டும் என்றில்லை, புதிதாக இருந்தால் போதும்.

பேடு விஷயத்தில் 'இரண்டுக்கும் ஒன்று' என்று தேடித்தேடி நான் மூன்று ஜோடி வாங்கித் தோற்றேன். தெருவில் இதமாக இருப்பது டிராக்கில் பதினைந்து நிமிஷத்தில் வழவழத்துவிடுகிறது. டிராக்கில் கடிப்பது திங்கட்கிழமை காலைக் குளிரில் முதல் சிக்னலில் கடிக்காது, அதோடு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும், அதன் தூள் வீல் பெயின்ட்டைத் தின்னும். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி மாற்ற ஒரு மணி நேரம், திரும்பி வந்து மாற்ற ஒரு மணி நேரம், வருஷத்தில் ஆறு தடவைதானே. 94-க்குப் பிறகு வந்த 1.8 காரின் 255 மி.மீ டிஸ்க்கை அதற்குரிய பிராக்கெட்டோடு உங்கள் காரில் பூட்டலாம், உங்கள் 14 இன்ச் வீலுக்குள்ளேயே அடங்கும், பழைய காரிலிருந்து எடுத்தால் மலிவு. நல்ல மாற்றம், ஆனால் முதல் வருஷம் இல்லாமலே ஓட்டலாம். செஷன் முடிந்து பேடக்குக்கு (கார்களை நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

இனி ரோல் பார். இதை விருப்பப் பட்டியலில் கூட நீங்கள் எழுதவில்லை, என் வரிசையில் இது பிரேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. கூரையில்லாத கார் கவிழ்ந்தால் விண்ட்ஷீல்டு சட்டம் உங்களைக் காப்பாற்றாது, மடங்கிவிடும். ஹார்டாப் போட்டிருக்கிறேனே என்பார்கள், அது மழைக்கு. டிராக் நாள் நடத்தும் பல அமைப்புகள் ரோல் பார் இல்லாத கன்வெர்ட்டிபிளை டிராக்கில் விடவே மாட்டார்கள், பதிவு செய்வதற்கு முன் விதியைப் படியுங்கள். போல்ட் போட்டுப் பூட்டும் நல்ல பார்கள் இந்தக் காருக்கென்றே இருக்கின்றன, சாஃப்ட் டாப் மடங்க இடம் விட்டே செய்கிறார்கள். பூட்டியபின் ஹெல்மெட்டைப் போட்டு சீட்டில் உட்கார்ந்து, பாரின் உச்சியிலிருந்து விண்ட்ஷீல்டு சட்டத்தின் உச்சிக்கு ஒரு துடைப்பக் கட்டையை வையுங்கள். ஹெல்மெட் அந்தக் கட்டைக்கு இரண்டு இன்ச் கீழே இருக்க வேண்டும். ஆறடி உயரம் என்று எழுதியிருந்தீர்கள், இந்த சோதனையில் தோற்பீர்கள். மியாட்டாக்காரர்கள் பலரும் செய்கிற வேலைதான், சீட் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை ரொட்டிக் கத்தியால் அரிந்து எடுப்பது. நானும் செய்தேன், செலவில்லாமல் தலை இரண்டு இன்ச் இறங்கியது.

ஆனால் இதற்கு மேலே போய் முழு கேஜ் (உட்கார்கிற இடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு) போட வேண்டாம். தெருவில் நீங்கள் ஹெல்மெட் போடுவதில்லை. சாதாரண இடிப்பில், பின்னால் ஒருவன் வந்து முட்டினாலே, தலை போய் அந்த இரும்புக் குழாயில் மோதும், மேலே பஞ்சு சுற்றியிருந்தாலும் மண்டை மண்டைதான். தலைக்குப் பின்னால் இருக்கும் ரோல் பாருக்கும் இதே அபாயம் கொஞ்சம் உண்டு, அதற்குத்தான் கெட்டியான பேடிங்கும், சீட்டைப் பின்னால் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்வதும். ஹார்னஸ் விஷயமும் இப்படியே. நாலு முனை பெல்ட்டை வாங்கிப் பழைய சீட்டில் கட்டிக்கொள்கிறார்கள். அது தோளைச் சீட்டோடு இறுக்கிவிடுகிறது, கார் கவிழ்ந்தால் உடம்பு சாய இடமில்லை, முன்னால் மோதினால் தொடைக்கு நடுவே பெல்ட் இல்லாததால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது. ஹார்னஸ் என்றால் ரோல் பார், துளையுள்ள பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், கழுத்துக்கு ஹான்ஸ் கருவி, எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. அது வாங்கும் வரை மாஸ்டா கொடுத்த மூன்று முனை பெல்ட்டே நல்லது. உங்கள் காரில் டிரைவர் பக்கம் மட்டும் ஏர்பேக் இருக்கிறது, ஸ்டீயரிங் வீலை அழகுக்காக மாற்றினால் அதுவும் போய்விடும். ஹெல்மெட் வாங்கும்போது ஸ்னெல் என்ற தர முத்திரையில் எஸ்.ஏ என்று பாருங்கள், எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கு, அதில் தீத்தடுப்பு கிடையாது.

குளிர்விப்பு. இந்த இன்ஜின் குடும்பம் முதலில் முன்சக்கரக் கார்களில் குறுக்கே படுக்கவைக்கப் பிறந்தது. நெடுக்கே திருப்பி வைத்தபோது தெர்மோஸ்டாட்டை (சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை) முன்பக்கம் வைத்துவிட்டார்கள், தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் முன்னால், அதனால் பின்னால் இருக்கும் நாலாம் சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகிறது. தெருவில் இது தெரியாது. டிராக்கில், அதுவும் வெயிலில், தெரியும். இதைச் சரிசெய்ய வெளியேறும் வழியைப் பின்பக்கம் மாற்றும் கிட் கிடைக்கிறது. அதை நான் போட்டேன், நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் டர்போ இல்லாத காருக்கு அது அவசியமா என்பதில் விஷயம் தெரிந்தவர்களே இரண்டு கட்சி. சர்ச்சையே இல்லாதது: நல்ல அலுமினிய ரேடியேட்டர், அதோடு காருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. பழைய சொந்தக்காரர் ஆயில் மாற்றக் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார், இது பாதி மியாட்டாக்களில் இல்லை. அது இல்லாவிட்டால் முன்னால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடியில் நழுவிவிடும். தெர்மோஸ்டாட்டைக் குறைந்த சூட்டில் திறப்பதாக மாற்றினால் தீரும் என்பது தவறு, அது எப்போது திறக்கும் என்பதைத்தான் மாற்றும், எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்பதை மாற்றாது. டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப மானியையும் நம்பாதீர்கள், அதன் முள் நடுவில் தூங்கிக்கொண்டே இருக்கும், எழுந்தால் அப்போது காரியம் முடிந்திருக்கும். எண் காட்டும் ஒரு மானி போடுங்கள். ஆயில் அழுத்த மானி உங்கள் 92-இல் உண்மையானது, 95 முதல் அதைப் பொம்மையாக்கிவிட்டார்கள்.

டயர், காயிலோவரைவிட முக்கியம். 15 இன்ச்சுக்கு 7 அல்லது 8 அகல வீல், 205/50 டயர், டிரெட்வேர் (தேய்மான எண், குறையக் குறைய ஒட்டும், சீக்கிரம் தேயும்) 200 என்று எழுதியிருப்பது, இதுதான் மியாட்டாவுக்கு ஊரறிந்த சேர்க்கை, தெருவிலும் சட்டப்படி ஓடும். ஆனால் முதல் மூன்று நாலு டிராக் நாள் காரில் இருக்கும் சாதாரண டயரிலேயே ஓட்டுங்கள் என்பேன். ஒட்டுகிற டயர் தப்பை மறைக்கும், மறைத்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நொடியில் கைவிடும். சாதாரண டயர் வேகம் கூடும்போதே முனக ஆரம்பிக்கும், அந்தச் சத்தம்தான் வாத்தியார். அப்புறம், தேய்ந்த 200 டயரில் ஜனவரி மழையில் 880 ஹைவேயில் போவது எனக்குப் பிடித்த வேலை அல்ல. டயர் பிடிப்பு கூடினால் அதன் செலவு இன்னொரு இடத்தில் வரும், முன்சக்கர பேரிங். இந்தக் காரில் அது ஹப்போடு சேர்ந்தது, பிரித்துக் கிரீஸ் வைத்துச் சரிசெய்யும் ரகம் இல்லை. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ஹப்பை மாற்றாமல் போகாதீர்கள்.

இப்போது காயிலோவர். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது காரில் இருக்கும் ஷாக் முப்பது வருஷத்துப் பழசு என்றால் எதைப் போட்டாலும் சொர்க்கமாகத்தான் இருக்கும், மலிவான காயிலோவர் விற்கிறவர்கள் பிழைப்பதே அதில்தான். என் கருத்து, மலிவான காயிலோவருக்கும் நல்ல பில்ஸ்டீன் மாதிரி ஷாக்கோடு கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்குக்கும் நடுவே தேர்வு என்றால் இரண்டாவதை எடுங்கள். உயரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இந்தக் காரில் சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடமே குறைவு. இரண்டு இன்ச் இறக்கிவிட்டால் ஷாக் சின்னக் குழிக்கே பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் இருக்கும் தடுப்பு ரப்பரில்) போய் முட்டும், முட்டிய கணம் ஸ்பிரிங் கல்லாகிவிடும், வளைவின் நடுவில் அது நடந்தால் பின்பக்கம் சொல்லாமல் கிளம்பும். ஆபீஸ் வாசல் வேகத்தடையில் அடிவயிறு உரசுவது வேறு. ஒரு இன்ச், அதற்குமேல் வேண்டாம். ஸ்பிரிங் கெட்டித்தனத்தில் முன்னால் மில்லிமீட்டருக்கு ஐந்து ஆறு கிலோ, பின்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்பது என் முதுகு தாங்கிய அளவு, உங்கள் முதுகு எனக்குத் தெரியாது.

இதைவிட மலிவாக, இதைவிட அதிகம் மாற்றுவது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. முன்னால் இரண்டு டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கும் வரை இழுங்கள், பின்னால் அதே அளவோ கொஞ்சம் குறைவோ, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் மிகக் கொஞ்சம் உள்நோக்கி. டயரின் உள்விளிம்பு தேயுமே என்பீர்கள், டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, கேம்பர் அல்ல. ஆனால் கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தக் கோணங்களை மாற்றும் எட்டு எக்சென்ட்ரிக் போல்ட்டுகளிலும் தினமும் துரு எண்ணெய் அடித்து நீங்களே அசைத்துப் பாருங்கள். அவை புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டிக் கிடக்கும், கடைக்காரர் 'சுத்த மாட்டேங்குது' என்று காசை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். எனக்கு அப்படித்தான் ஆனது, கடைசியில் ஒரு போல்ட்டை அறுத்து எடுக்க ஒரு முழு சனிக்கிழமை போனது.

டர்போ ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைதான் ஸ்மாக் (புகை) சோதனைக்கு விலக்கு. உங்கள் கார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உருளைமேல் ஏறி மணிக்கு 15, 25 மைல் வேகத்தில் புகையைக் காட்டியாக வேண்டும், அதற்கு முன் பானெட்டுக்குள் கண் சோதனையும் உண்டு. ஏர் இன்டேக் போன்ற சின்னச் சாமானுக்கே மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தோல்வி, தோற்றால் பதிவு புதுப்பிக்க முடியாது, திங்கட்கிழமை பஸ். சட்டத்தை ஒதுக்கினாலும் 1.6 காரின் பின் டிஃபரென்ஷியல் (சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சின்னது. 94-இல் 1.8 வந்தபோது மாஸ்டாவே அதைப் பெரிதாக்கியது. டர்போ போட்டவர்கள் டிஃபரென்ஷியல், கிளட்ச், ரேடியேட்டர், அப்புறம் மறுபடி டிஃபரென்ஷியல் என்று வரிசையாக உடைத்துக்கொண்டே போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சைலன்சரிலும் அடக்கம் வேண்டும். லகுனா செகாவில் பல நாட்களில் 90 டெசிபல் அளவில்தான் வரம்பு, பாதையோரத்தில் அளக்கிறார்கள், மீறினால் கறுப்புக் கொடி, அதாவது டிராக்கை விட்டு வெளியே வா என்று அர்த்தம். முழங்குகிற சைலன்சருக்குப் பணம் கொடுத்தவர்கள் அங்கே மூன்றாவது லேப்பில் பேடக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரே வரி: உங்கள் பாலிசியில் டிராக்குக்கு விலக்கு இருக்கும், படித்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு மட்டும் தனியாக எடுக்கும் வசதி உண்டு.

ஆக இந்த வருஷம் பராமரிப்பு, பிரேக் ஆயில், பேடு, ரோல் பார், ஹெல்மெட், அலைன்மென்ட். மீதி இருந்தால் ரேடியேட்டர், ஷாக். அதற்குமேல் பணம் மிஞ்சினால் டிராக் கட்டணத்துக்கும் பக்கத்து சீட்டில் உட்கார ஒரு ஆளுக்கும் கொடுங்கள். மூன்றாவது டிராக் நாள் முடிந்தபின் கார் உங்களுக்கு எங்கே போதவில்லை என்று நீங்களே சொல்வீர்கள், அநேகமாக அது நீங்கள் இன்று நினைக்கிற இடமாக இருக்காது. கிளம்பும்போது டிக்கியில் ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு பாட்டில் பிரேக் ஆயில், ஒரு காலன் கூலன்ட், தெரு பேடு ஒரு செட். கடைசி செஷனை விட்டுவிடுங்கள், எல்லோரும் களைத்துப்போய் ஓட்டுகிற நேரம் அது, உங்களுக்கோ இன்னும் மூன்று மணி நேர ரோடு பாக்கி. வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு நாலு மணிக்கே கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். கம்ப்ரஷன் எண்கள் கையில் வந்ததும் நாலையும் எழுதுங்கள், மேலே என்ன செய்வது என்று பார்ப்போம்.